எதிரி சுடாத குண்டு

சினிமாவில் கதாநாயகன் கையெறிகுண்டு வீசும் அழகைப் பார்த்திருப்பீர்கள். பின்னைப் பல்லால் கடித்து இழுத்து, முதுகுக்குப் பின்னால் அலட்சியமாகத் தூக்கிப் போட்டுவிட்டு, வெடிப்பதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஸ்லோமோஷனில் நடந்து வருவார். நிஜ ராணுவத்தில் அப்படிச் செய்தால் முதலில் பல் போகும். பிறகு வேலை போகும்!

நிஜம் வேறு மாதிரி. நெஞ்சளவு உயரத்துக்குக் கெட்டியான கான்கிரீட் சுவர். அதற்குப் பின்னால் இரண்டே பேர். ஒருவர், குண்டு வீசக் கற்றுக்கொள்ள வந்திருக்கும் இளைஞர். கை வியர்த்து, தொண்டை வறண்டு நிற்பார். இன்னொருவர் பயிற்சியாளர். அவருடைய பார்வை அந்தப் பையனின் கையை விட்டு இம்மிகூட நகராது. பின்னை இழு... வீசு... குனி! நான்கு அல்லது ஐந்து விநாடிகளில் சுவருக்கு அந்தப் பக்கம் 'டமால்!' பறந்து வரும் இரும்புச் சிதறல்களைச் சுவர் தடுத்துவிடும். ஆனால், வெடிப்பில் கிளம்பும் அழுத்த அலை சுவரில் முட்டிக்கொண்டு நின்றுவிடாது. மேலே வளைந்து, இந்தப் பக்கம் இறங்கி, குனிந்திருக்கும் இரண்டு பேர் தலையிலும் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் போகும்.

பையன் சிரித்துக்கொண்டே வெளியே போய்விடுவான். அன்று ராத்திரி வீட்டுக்கு போன் போட்டுப் பெருமையாகச் சொல்வான். அடுத்த பையன் உள்ளே வருவான். அவன் போனதும் அடுத்தவன். பயிற்சியாளர் மட்டும் அங்கேயே நிற்பார். மாலை வரை. மறுநாளும். அடுத்த வருடக் கோடையிலும்.

பையனை விட்டுவிடுங்கள். நாம் இந்தப் பயிற்சியாளரைத்தான் கவனிக்கப் போகிறோம்.

அமெரிக்காவில் ஹட்ஸன் நதிக்கரையில் இருக்கிறது வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமி. 1802-ல் ஆரம்பித்தது. அங்கே கேடட்டுகளுக்குக் குண்டு வீசக் கற்றுத் தந்தவர்களில் ஒருவர், மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த ரிசர்வ் படை வீரர். (ரிசர்வ் என்றால் முழுநேர ராணுவம் அல்ல. வருடத்தில் சில வாரங்கள் சீருடை. மற்ற நாட்களில் சொந்தப் பிழைப்பு!) 2002-லேயே சேர்ந்தவர். இராக்கில் போர் நடந்தது. ஆஃப்கானிஸ்தானில் இருபது வருடம் நடந்தது. அவர் எந்தப் போர்முனைக்கும் போகவில்லை. எந்த எதிரியும் அவரை நோக்கி ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை.

2023 தொடக்கத்தில் குடும்பத்தார் அவரிடம் ஒரு மாற்றத்தைக் கவனித்தார்கள். காது ஏற்கெனவே மந்தமாகியிருந்தது. இப்போது, யாரோ தன்னைப் பற்றி அசிங்கமாகப் பேசுகிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். கடையில், தெருவில், எங்கே போனாலும் அந்தப் பேச்சு கேட்கிறது என்றார். ஜூலையில் மனநல மருத்துவமனையில் இரண்டு வாரம் வைத்திருந்து அனுப்பினார்கள். அக்டோபர் 25-ம் தேதி இரவு, லூயிஸ்டன் என்ற ஊரில் ஒரு பௌலிங் விளையாட்டுக் கூடத்திலும், பிறகு ஒரு மதுக்கடையிலும் புகுந்து சுட்டதில் 18 பேர் இறந்தார்கள். இரண்டு நாள் கழித்து அவருடைய பிணம் கிடைத்தது. தன்னைத் தானே சுட்டுக்கொண்டிருந்தார்.

அவருடைய மூளைத் திசுக்கள் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பப்பட்டன. 2024 மார்ச்சில் முடிவு வெளியானது. மூளையின் உள்ளே இருக்கும் வெண்பகுதியில் (ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு இணைக்கும் நரம்பு 'ஒயரிங்' அங்கேதான் ஓடுகிறது) இழைகள் சிதைந்திருந்தன. அவற்றைச் சுற்றியிருக்கும் உறை தேய்ந்திருந்தது. நுண்ணிய ரத்தக் குழாய்களில் சேதம். மூளைக் காயத்துக்குத் தெளிவான அடையாளங்கள் என்றார்கள்.

அவசரப்பட்டு 'ஓஹோ, அதனால்தான் கொன்றாரா!' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆராய்ச்சியாளர்களே அப்படிச் சொல்லவில்லை. காயத்துக்கும் அவரிடம் தெரிந்த அறிகுறிகளுக்கும் தொடர்பு இருக்கலாம், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதே அவர்கள் வார்த்தை. மெய்ன் மாநில விசாரணைக் கமிஷனும் கொலைகளுக்குப் பொறுப்பு சுட்டவர்தான் என்று எழுதியது. கூடவே, எச்சரிக்கை மணிகள் அடித்தும் கவனிக்காமல் கோட்டை விட்டதற்காக அவருடைய ராணுவ யூனிட்டையும் உள்ளூர் போலீஸையும் கண்டித்தது. மூளை அடிபட்ட லட்சக்கணக்கான பேர் ஒரு ஈயைக்கூடக் கொல்லாமல், தலைவலி மாத்திரையோடு அமைதியாக வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள் என்பதையும் மறக்கக்கூடாது.

ஆனால், ஒரு கேள்வி எழுந்து நின்றுவிட்டது. போருக்கே போகாத ஒருவரின் மூளையில் போர்க்காயமா?

இந்தக் கேள்விக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. அதன் தொடக்கத்தைப் பார்க்க, பிரான்ஸ் நாட்டுப் பதுங்கு குழிகளுக்குப் போகவேண்டும்.

* * *

1914. முதல் உலகப் போர் ஆரம்பித்துச் சில மாதங்கள்தான். பிரான்ஸில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ மருத்துவமனைகளுக்குப் புதுவிதமான நோயாளிகள் வர ஆரம்பித்தார்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை, ரத்தம் இல்லை. ஆனால் ஒருவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, இன்னொருவருக்குப் பேச்சு வரவில்லை, வேறொருவருக்குக் கை கால் நடுக்கம் நிற்கவேயில்லை. எல்லோரும் சொன்ன கதை கிட்டத்தட்ட ஒன்றுதான்: "பக்கத்தில் ஷெல் விழுந்து வெடித்தது... அதற்கப்புறம் ஞாபகமில்லை."

கேம்பிரிட்ஜைச் சேர்ந்த உளவியல் அறிஞர் சார்லஸ் மையர்ஸ் அப்போது ல டூகே என்ற ஊரில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நோயாளிகளைக் கூர்ந்து கவனித்தார். ஒருவர், முள்கம்பியில் சிக்கிக்கொண்டு தவிக்கும்போது சுற்றிலும் ஷெல்கள் வெடித்தன. இரண்டாமவர் இடிந்து விழுந்த குழிக்குள் பல மணி நேரம் புதைந்து கிடந்தவர். மூன்றாமவர் பதினைந்தடி உயரச் செங்கல் குவியலிலிருந்து வெடிப்பால் தூக்கி எறியப்பட்டவர். மூவருக்குமே பார்வை, வாசனை, ருசி, ஞாபகம் எல்லாம் பாதிப்பு. வேடிக்கை என்னவென்றால், அவ்வளவு சத்தத்துக்குப் பிறகும் காது மட்டும் ஏறக்குறைய நன்றாகவே இருந்தது! 1915 பிப்ரவரியில் 'லான்செட்' மருத்துவ இதழில் இதைக் கட்டுரையாக எழுதினார் மையர்ஸ். தலைப்பில் 'ஷெல் ஷாக்' என்ற வார்த்தையைப் போட்டார். (வார்த்தை அவருடையது அல்ல, சிப்பாய்கள் வாயில் ஏற்கெனவே புழங்கியது. ஆனால் பழி முழுக்க அவர் தலையில் விழுந்தது. 'ஏன்தான் அந்தப் பெயரைப் பயன்படுத்தினேனோ' என்று பிற்காலத்தில் வருத்தப்பட்டார்.)

லண்டனில் ஃப்ரெடரிக் மாட் என்ற நோய்க்கூறியல் நிபுணர் வேறு பக்கத்திலிருந்து வந்தார். வெளியே காயமே இல்லாமல், பக்கத்தில் வெடித்த ஷெல்லால் இறந்துபோன வீரர்களின் மூளையை மெல்லிய சீவல்களாக அறுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். உள்ளே குண்டூசி முனை அளவுக்குப் பொட்டுப் பொட்டாக ரத்தக் கசிவு! வெடிப்பின் அழுத்தம் மண்டை ஓட்டை உடைக்காமலேயே உள்ளே போய் மூளையைக் காயப்படுத்த முடியும் என்றார்.

விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஏன் முடியவில்லை? ஏனென்றால், ஷெல் ஷாக் என்று வந்த பலர் எந்த வெடிப்புக்கும் அருகில் இருந்ததேயில்லை! மாதக்கணக்கில் சேற்றிலும் பிணங்களுக்கு நடுவிலும் கிடந்து மனம் உடைந்துபோனவர்கள் அவர்கள். அறிகுறிகளோ அச்சு அசலாக ஒன்று. யாருக்கு மூளையில் அடி, யாருக்கு மனதில் அடி? உயிரோடு இருப்பவரின் மூளையைச் சீவிப் பார்க்க முடியாதே! ஸ்கேன் எல்லாம் வர இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது.

மருத்துவர்கள் திணறிய இடத்தில், ராணுவம் தன் பாணியில் ஒரு தீர்வு கண்டுபிடித்தது. இரண்டு ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி இரண்டு எழுத்து. எதிரியின் ஷெல் வெடித்ததால் வந்தது என்றால் 'ஷெல் ஷாக் - டபிள்யூ'. அதாவது காயம்பட்டவர். அவர் சட்டைக் கையில் காயப் பட்டை குத்திக்கொள்ளலாம், பென்ஷன் கேட்கலாம். எதிரியின் வெடிப்பு என்று நிரூபிக்க முடியாவிட்டால் 'ஷெல் ஷாக் - எஸ்'. வெறும் நோயாளி. பட்டை கிடையாது. பென்ஷனும் சந்தேகம்தான். 1917-ல் இதையும் இறுக்கினார்கள். முன்னணி மருத்துவர் 'ஷெல் ஷாக்' என்று எழுதவே கூடாது. 'நரம்புக் கோளாறு - இன்னும் கண்டறியப்படவில்லை' என்றுதான் எழுதவேண்டும். நோயாளியின் படைத் தலைவரிடமிருந்து, 'ஆமாம், இவர் பக்கத்தில் ஷெல் வெடித்தது உண்மை' என்று ஒரு படிவம் பூர்த்தியாகி வரவேண்டும்!

கவனித்தீர்களா? காயமா இல்லையா என்பதை மூளையின் நிலைமை தீர்மானிக்கவில்லை. எதிரி தீர்மானித்தான். இந்த வழக்கத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரை கூடவே வரப்போகிறது.

அந்த இரண்டு எழுத்துக்கும் வெளியே விழுந்தவர்கள் கதி? ஹாரி ஃபார் என்ற சிப்பாய். 1914 முதல் பிரான்ஸில் போரிட்டவர். 1915-ல் ஷெல் ஷாக் என்று ஐந்து மாதம் மருத்துவமனையில் கிடந்தார். கை நடுக்கத்தால் மனைவிக்குக் கடிதம் எழுதக்கூட முடியவில்லை, நர்ஸ்தான் எழுதிக் கொடுத்தார். குணமானதாகச் சொல்லித் திரும்ப முன்னணிக்கு அனுப்பினார்கள். 1916 செப்டம்பரில், 'என்னால் முடியவில்லை' என்று முன்னே போக மறுத்துவிட்டார். கோழைத்தனம் என்று குற்றச்சாட்டு. ராணுவ நீதிமன்றத்தில் அவருக்காக வாதாட ஆளில்லை. அக்டோபர் 18 விடியற்காலையில் சுட்டுக் கொன்றார்கள். வயது 25. கண்ணைக் கட்ட வந்தபோது வேண்டாம் என்று சொன்னாராம், பாவம். மனைவிக்குப் பென்ஷனும் நிறுத்தப்பட்டது. ஃபார் மாதிரி, அந்தப் போரில் ஓடிப்போனதற்காகவும் கோழைத்தனத்துக்காகவும் சுடப்பட்ட பிரிட்டிஷ், காமன்வெல்த் வீரர்கள் முந்நூறுக்கும் மேல். அவர்களுக்கு மன்னிப்பு வழங்கிச் சட்டம் வந்த வருடம் 2006! ஃபாருடைய மகள் தொண்ணூறு வயதைத் தாண்டி, கோர்ட் படியேறிப் போராடிய பிறகு.

போர் முடிந்ததும் ஒரு கமிட்டி போட்டார்கள் (கமிட்டி இல்லாமலா!). சௌத்பரோ பிரபுவின் தலைமையில் இருந்த அந்தக் கமிட்டி 1922-ல் அறிக்கை கொடுத்தது. 'ஷெல் ஷாக்' என்ற வார்த்தையையே ஒழித்துவிட வேண்டும் என்பது அதன் முக்கியமான சிபாரிசுகளில் ஒன்று. வார்த்தை ஒழிந்தது. அதோடு, வெடிப்பின் அழுத்தம் மூளையை என்ன செய்கிறது என்ற மாட்டின் கேள்வியும் பல பத்தாண்டுகளுக்கு அலமாரிக்குள் போய்விட்டது.

* * *

அலமாரியைத் திறக்க வைத்தது இராக் போர். சாலையோரம் புதைத்து வைத்த குண்டுகள் அமெரிக்க வண்டிகளைத் தூக்கி எறிந்தன. முந்தைய போர்களில் இப்படி அடிபட்டவர்கள் பெரும்பாலும் அங்கேயே இறந்திருப்பார்கள். இப்போதோ, நல்ல கவச உடையும் ஹெல்மெட்டும் உயிரைக் காப்பாற்றின. உயிரோடு திரும்பி வந்தவர்கள் தலைவலி, மறதி, தூக்கமின்மை, எரிச்சல் என்று டாக்டரிடம் போனார்கள். ஸ்கேன் எடுத்தால் சுத்தமாக இருந்தது!

இதற்கு மருத்துவம் வைத்த பெயர் 'லேசான மூளைக் காயம்'. மயக்கம் வந்திருந்தால் அரை மணிக்குள் தெளிந்திருக்க வேண்டும், ஞாபகக் குழப்பம் ஒரு நாளைத் தாண்டக்கூடாது, ஸ்கேனில் பெரிதாக எதுவும் தெரியக்கூடாது. அப்படியென்றால் 'லேசு'. அடிபட்ட அன்றைய நிலவரத்தை வைத்து இட்ட பெயர் அது. பின்னால் என்ன ஆகும் என்பதை அந்தப் பெயர் சொல்வதில்லை. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள் என்பது உண்மை. தேறாதவருக்கு அந்த 'லேசான' என்ற வார்த்தை எப்படிக் குத்தும் என்று யோசித்துப் பாருங்கள்.

2008-ல் சார்லஸ் ஹோக் என்ற ராணுவ மனநல மருத்துவரும் அவருடைய சகாக்களும் இராக்கிலிருந்து திரும்பிய 2,525 காலாட்படை வீரர்களிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட நூற்றுக்கு 15 பேருக்கு, மயக்கம் வருமளவோ தலை கிறுகிறுக்கும் அளவோ அடிபட்டிருந்தது. நினைவிழந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு, போரின் பயங்கரம் மனதைப் பிடித்து ஆட்டும் பி.டி.எஸ்.டி.யும் இருந்தது. மனநோயைக் கணக்கிலிருந்து கழித்துப் பார்த்தால், உடல் தொந்தரவுகளில் தலைவலி மட்டுமே மூளைக் காயத்தின் கணக்கில் மிஞ்சியது! ஆக, மூளையா மனமா என்ற பழைய வழக்கு 90 வருடம் கழித்தும் வாய்தா வாங்கிக்கொண்டு நின்றது.

அந்த வழக்கில் எதிர்பாராத சாட்சி ஒன்று வந்தது. அது ஒரு குட்டிக் கருவி.

கைக்கடிகாரத்தின் முகம் அளவு இருக்கும். தலைக்குப் பின்னால் ஒன்று, தோளில் ஒன்று, மார்பில் ஒன்று என்று மூன்றை மாட்டிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் வெடி வெடித்தால் அழுத்தத்தை அளந்து, பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு காட்டும். 2011 வாக்கில் ஆஃப்கானிஸ்தானுக்கு அனுப்பினார்கள். எதிரியின் குண்டு வெடிக்கும்போது யாருக்கு எவ்வளவு அடி என்று தெரிந்துகொள்ளத்தான். ஆனால், எதிரி பக்கத்திலேயே இல்லாதபோதும் விளக்கு எரிந்தது! பயிற்சி மைதானத்தில் எரிந்தது. வீரர் தன் தோளிலிருந்து தானே ராக்கெட் விட்டபோது எரிந்தது. கதவைத் தகர்க்க வெடி வைத்தபோது எரிந்தது. எதிரியை அளக்கப் போன கருவி, தங்கள் ஆயுதங்களையே காட்டிக் கொடுத்துவிட்டது. (2016-ல் அமெரிக்கத் தரைப்படை இந்தக் கருவிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அது தரும் எண்களை வைத்து மருத்துவ ரீதியாக ஒன்றும் தீர்மானிக்க முடியவில்லையாம். இருக்கலாம்... ஆனால் தெர்மாமீட்டர் காய்ச்சல் காட்டுகிறது என்பதற்காக, அதைத் தூக்கி அலமாரியில் வைத்த மாதிரி எனக்குத் தோன்றுகிறது!)

இந்த அழுத்தம் எவ்வளவு என்று சொல்ல, உங்களை பெட்ரோல் பங்க்குக்கு அழைத்துப் போகிறேன். டயருக்குக் காற்றடிக்கும்போது '28 போடுப்பா, 30 போடுப்பா' என்கிறோம் அல்லவா? சதுர அங்குலத்துக்கு அத்தனை பவுண்டு என்று அர்த்தம். வெடிப்பு அலைக்கும் அதே அளவுகோல்தான். அமெரிக்க ராணுவம் பல காலமாக வைத்திருந்த எச்சரிக்கைக் கோடு, 4. வெறும் நாலா என்று சிரிக்காதீர்கள். டயரில் காற்று நிதானமாக ஏறுகிறது. இங்கே ஒலியைவிட வேகமாக வந்து, கண் சிமிட்டுவதற்குள் அறைந்துவிட்டுப் போய்விடும். நம் மூளையோ கெட்டித் தயிர் மாதிரியான சமாசாரம். சுற்றிலும் நீர். அலை எலும்பைத் தாண்டும்போது ஒரு வேகம், நீரில் ஒரு வேகம், திசுவில் இன்னொரு வேகம். இந்த எல்லைகளில்தான் இழுபறியும் கிழிசலும் நடக்கிறது என்கிறார்கள். இன்னொரு சங்கதி. அந்த 4 என்ற கோடு, காதுச் சவ்வு கிழியாமலிருக்க வகுக்கப்பட்டது. மூளையை யாரும் கேட்கவில்லை!

மிக அதிகமாகத் தட்டு வாங்குபவர்களில் கதவு தகர்ப்பவர்கள் முக்கியமானவர்கள். பூட்டிய கதவில் வெடி ஒட்டி, சில அடி தள்ளி வரிசையாக ஒட்டிக்கொண்டு நின்று, வெடித்த மறுகணம் உள்ளே பாய வேண்டும். தள்ளி நின்றால் பாதுகாப்பு. ஆனால் உள்ளே இருக்கும் எதிரி சுதாரித்துக்கொள்வான். அறைக்குள்ளோ, தாழ்வாரத்திலோ நின்றால் அலை சுவரில் மோதித் திரும்பி வந்து இரண்டாவது முறையும் அறையும். நியூஸிலாந்து ராணுவத்தில் இந்தப் பயிற்சி எடுத்த 21 பேரை, இரண்டு வாரமும் ரத்தப் பரிசோதனை, நினைவாற்றல் பரிசோதனை என்று தொடர்ந்து பார்த்த ஆய்வு 2013-ல் வெளிவந்தது. யாரும் மயங்கி விழவில்லை. ஆனாலும் சிலருக்கு மூளைப் பாதிப்பைக் காட்டும் புரதங்கள் ரத்தத்தில் கூடின. அவர்களுக்குத்தான் நிதானமும் ஞாபகமும் கொஞ்சம் மந்தப்பட்டிருந்தது, தலைவலி போன்ற புகார்களும் கூடுதல். இது மாணவர் கதை. வருடம் முழுக்க ஒரு பேட்ச் போனால் அடுத்த பேட்ச் என்று நிற்கும் பயிற்சியாளரை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, கார்ல் குஸ்டாஃப். ஏதோ ஸ்வீடன் ராஜா பெயர் மாதிரி இருக்கிறதே என்றால், பெயரும் அந்த ஊர்தான், ஆயுதமும் அந்த ஊர்தான். தோளில் வைத்துச் சுடும் 84 மில்லிமீட்டர் பின்னுதைப்பில்லாத் துப்பாக்கி. 1948 முதல் உலகின் பல ராணுவங்களில் இருக்கிறது. நம் ராணுவத்திலும் உண்டு. நம்ம திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையிலேயே தயாரித்திருக்கிறார்கள். டாங்கியை உடைக்கும் அந்தக் குழாய், சுடுபவரின் கன்னத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது! முன்னால் குண்டு போக, பின்னால் நெருப்பும் காற்றும் பீறிடும். பயிற்சியில் ஒருவர் ஒரு நாளைக்கு ஆறு ரவுண்டுக்கு மேல் சுடக்கூடாது என்று அமெரிக்கத் தரைப்படை விதி வைத்திருந்தது. விதி வைத்தார்கள் சரி, எண்ணியது யார்? சுடுபவருக்கு ஆறு, பக்கத்தில் மண்டியிட்டுக் குண்டு மாட்டிக் கொடுக்கும் துணையாளுக்கு? ஆள் மாற ஆள் மாற நின்றுகொண்டே இருக்கும் பயிற்சியாளருக்கு?

வெடியே இல்லாத வழிகளும் உண்டு. பாராசூட்டில் குதித்துத் தரையில் தலை இடிப்பது, குஸ்தி, வண்டி விபத்து... வெஸ்ட் பாயின்ட்டில் கேடட்டுகளுக்கு பாக்ஸிங் கட்டாயப் பாடம். அங்கே ஏற்பட்ட மூளை அதிர்ச்சிகளில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று அந்த பாக்ஸிங் வகுப்பில்தான் என்று 2015-ல் 'நியூயார்க் டைம்ஸ்' எழுதியது. இத்தனைக்கும், குத்து வாங்கி வாங்கியே குத்துச்சண்டை வீரர்கள் மூளை கலங்கிப்போவதை ஹாரிஸன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1928-லேயே எழுதிவைத்திருக்கிறார்!

மொத்தக் கணக்கு சொல்கிறேன். 2000-க்குப் பிறகு அமெரிக்க ராணுவத்தில் மூளைக் காயம் என்று பதிவானவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். அதில் நூற்றுக்கு 80-க்கும் மேல் 'லேசான' ரகம். பெரும்பாலானவை போர்முனையில் ஏற்பட்டவை அல்ல. பயிற்சியில், விளையாட்டில், சாலையில். இது, யாராவது டாக்டரிடம் போய்ப் பெயர் எழுதப்பட்ட கணக்கு. ஒவ்வொரு தட்டும் மயக்கம் தராத அளவுக்குச் சின்னதாக இருந்து, பத்தாயிரம் தட்டு வாங்கியவர் டாக்டரிடம் என்ன சொல்லிப் பெயர் எழுதிக்கொள்வார்? எந்தத் தேதியில் அடிபட்டது என்று கேட்டால்?

* * *

எதிரி இருந்தாலே பாடு என்பதற்கும் ஓர் உதாரணம். 2020 ஜனவரி 8. இராக்கில் அல் அசாத் விமானதளத்தின் மீது ஈரான் ஏவுகணைகள் வீசியது. அமெரிக்கர் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று முதலில் அறிவித்தார்கள். சில நாட்களில், தலைவலி என்று ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். 'தலைவலி என்று கேள்விப்பட்டேன், பெரிய விஷயமில்லை' என்ற ரீதியில் பேசினார் அதிபர் டிரம்ப். எண்ணிக்கை ஏறி ஏறி 110-ல் நின்றது. எல்லாம் மூளைக் காயம். போர்க்காயம் பட்டவர்களுக்குத் தரும் 'பர்ப்பிள் ஹார்ட்' பதக்கம் முதலில் 29 பேருக்கு. பிறகு சர்ச்சை கிளம்பி, 2021 கடைசியில் இன்னும் 39 பேருக்கு. அந்தப் பதக்கத்துக்கு முதல் நிபந்தனை, காயம் எதிரியால் ஏற்பட்டிருக்க வேண்டும். ஷெல் ஷாக் - டபிள்யூ! நான் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னது இதைத்தான்.

இதற்கு நடுவில், 2016-ல், மாட் விட்ட இடத்திலிருந்து ஒருவர் நூலைப் பிடித்தார். டேனியல் பெர்ல் என்ற மூளை நோய்க்கூறியல் நிபுணர். வெடிப்புகளுக்கு ஆளாகிப் பிற்பாடு இறந்த வீரர்களின் மூளையை ஆராய்ந்து 'லான்செட் நியூராலஜி' இதழில் எழுதினார். மூளையின் சாம்பல் பகுதியும் வெண்பகுதியும் சந்திக்கும் கோட்டில், ரத்தக் குழாய்களின் ஓரத்தில், நீர் தேங்கும் அறைகளின் விளிம்பில் வரிசையாகத் தழும்புகள். அலை ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குத் தாவும் எல்லைகள்! விபத்தில் அடிபட்டவர்களிடம் இந்த மாதிரித் தழும்பு தென்படவில்லை. ஆராய்ந்தது சில மூளைகளைத்தான் என்பதால் இதை வைத்து எல்லாம் சொல்லிவிட முடியாது. பெரிய சங்கடம், மாட் காலத்தில் இருந்த அதே சங்கடம்: வழக்கமான ஸ்கேன்களில் இந்தத் தழும்பு தெரிவதில்லை. ஆள் இறந்த பிறகுதான் பார்க்க முடிகிறது.

2024 ஆகஸ்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் துணை அமைச்சர் கேத்லீன் ஹிக்ஸ் ஓர் உத்தரவு போட்டார். அழுத்தம் 4-ஐத் தாண்டும் இடங்களில், தேவையில்லாத ஆட்கள் நிற்கக்கூடாது. எந்த ஆயுதத்துக்கு எத்தனை அடி தள்ளி நிற்கவேண்டும் என்று தூரம் வகுக்க வேண்டும். பயிற்சியில் சுடும் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும், 2024 முடிவதற்குள், ஆரம்பத்திலேயே நினைவாற்றல் - கவனப் பரிசோதனை வைத்து ஸ்கோரைப் பதிவு செய்யவேண்டும். பின்னால் தடுமாற்றம் என்று வந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்பதற்காக. எதிரியைப் பற்றிய பேச்சே இல்லாமல், அழுத்தத்தை மட்டும் வைத்து ஒரு விதி.

நல்ல ஏற்பாடுதான். பதினெட்டு வயசுப் பையன் துப்பாக்கியைத் தொடும் முன்பே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பட்டனைத் தட்டி, தன் மூளையின் கணக்கை எழுதிவைத்துவிடுகிறான். அந்தக் கான்கிரீட் சுவருக்குப் பின்னால் இருபது வருடமாக நின்றுகொண்டிருக்கிற பயிற்சியாளரை அதே நாற்காலியில் உட்காரவைத்து அதே பரிசோதனையைக் கொடுத்தால், அவருக்கும் ஒரு ஸ்கோர் வரும். அதை எதனோடு ஒப்பிடுவது?